சுவருக்குள் போகும் குழாய்: பழைய குளியலறையில் ஷவர் அமைக்கும் முறை

மதுரையில் பசுமலைப் பக்கம் உள்ள எங்கள் வீட்டில் 1980களில் பதித்த ஜிஐ குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, குளியலறையைப் புதுப்பிப்பதற்காகச் சுவரிலிருந்து அறுத்தெடுத்தபோது, அரை அங்குலக் குழாய்க்குள் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே துளை மீதமிருந்தது. மற்ற இடமெல்லாம் போர்த் தண்ணீரின் உப்பும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தன. ஷவரில் தண்ணீர் சொட்டுகிறது என்று அதற்கு முன் இரண்டு முறை ஷவர் தலையை மட்டும் மாற்றியிருந்தோம். கோளாறு முழுவதும் சுவருக்குள் இருந்தது என்பது அறுத்த பிறகே தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலுமாக மூன்று குளியலறைகளில் ஷவர் குழாய் வேலையைச் செய்திருக்கிறேன். டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போகும் பகுதியில் எவ்வளவு பொறுமை காட்டுகிறோமோ அவ்வளவுதான் அந்தக் குளியலறையின் ஆயுள் என்ற எண்ணத்தோடு, அந்த வேலையின் முறையை இங்கே எழுதுகிறேன்.

அளப்பது, சுவரில் குழாய்க்கான பள்ளமாகிய காடியை வெட்டுவது, குழாயை ஒட்டுவது, சோதிப்பது, முகப்புப் பொருள்களைப் பூட்டுவது ஆகியவற்றை நிதானமுள்ள எவரும் தாமே செய்யலாம். கீசருக்கான மின் இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பழைய வீடுகளில் இதற்குக் கூடுதலான ஒரு காரணமும் உண்டு. சில வீடுகளில் மின்சாரத்தின் எர்த் கம்பியை, தனிக் குழி தோண்டாமல், அருகிலிருந்த ஜிஐ தண்ணீர்க் குழாயிலேயே கட்டி வைத்திருப்பார்கள். அந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் பதித்த அன்றே அந்த எர்த் அற்றுப்போகும். கீசரில் மின்கசிவு ஏற்பட்டால் அதை ஏற்றுக்கொள்ள மண் இணைப்பே இருக்காது. ஆகவே ஜிஐ குழாயில் கை வைப்பதற்கு முன்பே எர்த் எங்கே போகிறது என்பதைப் பார்க்கச் சொல்லி, மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் 16 ஆம்பியர் இணைப்பையும் கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள்.

தொட்டியின் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போய் ஷவர் தேர்ந்தெடுப்பதற்கு முன், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரே எல்லாக் குழாய்களுக்கும் போகிறது. அந்தத் தண்ணீரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தொட்டியில் உள்ள நீர்மட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் இடையே உள்ள உயரம் ஒன்றுதான். ஆயிரம் லிட்டர் தொட்டியா இரண்டாயிரம் லிட்டர் தொட்டியா என்பது அழுத்தத்தை மாற்றாது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தின் அலகு), அதாவது ஒரு மீட்டருக்கு 0.1 பார் என்பது கணக்கு.

தரைத்தளம் மட்டுமே உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். குளியலறைத் தரையிலிருந்து மொட்டை மாடித் தளம் பத்தரை அடி, அதன்மேல் தொட்டிக்கான செங்கல் மேடை 4 அடி, ஷவர் தலை தரையிலிருந்து 7 அடி என்று வைத்தால், தொட்டி காலியாகும் நிலையில் ஏழரை அடி உயரம், அதாவது 0.23 பார் அழுத்தமே கிடைக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது மூன்றரை அடி கூடினாலும் 0.33 பாரைத் தாண்டாது. மழைபோல் பொழியும் என்று கடையில் காட்டப்படும் அகலமான ஷவர் தலைகளின் பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் இதைவிட அதிகமாகவே இருக்கும். அதைப் படிக்காமல் வாங்கினால், நடுவில் உள்ள சில துளைகளிலிருந்து மட்டும் தண்ணீர் வடிவதைத்தான் பார்க்க முடியும்.

இந்த நிலையில் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, தொட்டியிலிருந்து குளியலறைக்கு மட்டும் தனியாக ஒரு அங்குலக் குழாயை இறக்கி, குளியலறைச் சுவருக்குள் முக்கால் அங்குலமாகக் குறைத்து, வெந்நீரையும் தண்ணீரையும் கலக்கும் மிக்சரின் வாயில் மட்டும் அரை அங்குலமாக்குவது. உயரம் தரும் அழுத்தம் குறைவாக இருக்கும்போது, குழாயின் உராய்வில் இழப்பது மிச்சமானாலே ஷவரில் கண்கூடான வேறுபாடு தெரியும். சமையலறைக்கும் தோட்டத்துக்கும் போகும் அதே குழாயில் கிளை பிரித்தால், அங்கே ஒருவர் குழாயைத் திறந்தவுடன் இங்கே ஷவர் நின்றுபோகும். இரண்டாவது, தொட்டி மேடையை உயர்த்துவது. நிறைந்த ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் எடை என்பதால், பொறியாளர் ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. மூன்றாவது, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் சிறிய பிரஷர் பம்ப் வைப்பது. மின்வெட்டின்போதும் குளிக்க வேண்டும் என்றால், பம்பைச் சுற்றிப் போகும்படி ஒரு மாற்றுக் குழாயும் அதில் நீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான் ரிட்டன் வால்வும் கட்டாயம் வேண்டும். பம்பை எந்தக் காரணத்தைக் கொண்டும் மாநகராட்சிக் குடிநீர் இணைப்பில் பொருத்தக் கூடாது.

பம்ப் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குளிர்நீரும் கீசருக்குப் போகும் நீரும் பம்புக்குப் பிறகு ஒரே குழாயிலிருந்து பிரிய வேண்டும். குளிர்நீர் மட்டும் பம்ப் வழியாக வந்து, கீசர் பழைய குழாயிலிருந்து தண்ணீர் எடுத்தால், மிக்சருக்குள் குளிர்நீரே மேலோங்கி வெந்நீரை உள்ளே தள்ளிவிடும். சூடு ஒருபோதும் சரியாக வராது. பம்பே இல்லாத வீடுகளிலும், வெந்நீருக்கும் தண்ணீருக்கும் ஒரே தொட்டி, ஒரே இறங்கு குழாய் என்று வைப்பதே நல்லது.

சுவருக்கு வெளியே தெரியும் மிக்சரா, உள்ளே மறையும் டைவர்ட்டரா

நீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் டைவர்ட்டர், சுவருக்குள் மறைவதால் பார்வைக்கு அழகானது என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் போர்த் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளுக்கு, சுவரின் வெளியே பொருத்தும் மூன்று வழி வால் மிக்சரையே நான் பரிந்துரைப்பேன். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. உங்கள் வீட்டு நீரை ஒரு பாட்டிலில் எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் அளவு தெரிந்துவிடும். உப்பு மிகுந்த நீரில் மிக்சரின் உள்ளுறுப்பு சில ஆண்டுகளில் இறுகத்தான் செய்யும். அப்போது வால் மிக்சரை இரண்டு நட்டுகளைத் தளர்த்தி முழுதாகக் கழற்றிவிடலாம். டைவர்ட்டரின் உள்ளுறுப்பை மாற்ற முடியும் என்றாலும், அதே மாதிரி பத்தாண்டு கழித்துக் கடையில் கிடைக்காவிட்டால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் வீடுகளில் வாளியும் குவளையும் போய்விடப் போவதில்லை என்பதும் ஒரு காரணம். வால் மிக்சரில் வாளி நிரப்பும் வாய், கைஷவர், தலைக்கு மேல் ஷவர் ஆகிய மூன்றும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. முக்காலியில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பெரியவர்களுக்குக் கைஷவர் எவ்வளவு உதவியானது என்பதை என் தாயார் குளிப்பதைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். அதன் கொக்கியை, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில், தரையிலிருந்து மூன்றரை அடிக்குள் வையுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தப் பொருளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே சுவரில் குறி போட வேண்டும். படத்தைப் பார்த்துக் குறித்த அளவு எதுவும் சரியாக வந்ததில்லை.

வாங்க வேண்டியவை

வெந்நீருக்கும் தண்ணீருக்கும் சேர்த்து சிபிவிசி குழாயையே வாங்குங்கள். வெள்ளை நிற யுபிவிசி குழாய் தண்ணீருக்கு மட்டும் ஏற்றது. கீசர் நீரின் சூட்டில் அது தளர்ந்துவிடும். தெற்கு மாரட் வீதிக் கடைகளில் வாங்கினாலும், வீட்டுக்கு அருகில் வாங்கினாலும், குழாயின் மேல் ஐஎஸ் 15778 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் எஸ்டிஆர் 11 என்ற குறியும் (குழாயின் வெளிவிட்டத்துக்கும் சுவர்க் கனத்துக்கும் உள்ள விகிதம்) அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டிஆர் 13.5 குழாயும் விற்கப்படுகிறது. அதன் சுவர் மெல்லியது, விலையும் குறைவு. எஸ்டிஆர் 11 குழாய் 23 டிகிரியில் 27 பாருக்கும் மேல் தாங்கக்கூடியது. 82 டிகிரியில் அதுவே 7 பார் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சூடு ஏற ஏறத் தாங்கும் வலிமை குறைவதால், சுவருக்குள் நிரந்தரமாக மூடப்போகும் குழாயில் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துவதை நான் விரும்புவதில்லை. எல்போ, டீ, கப்ளிங் போன்ற பொருத்திகளையும் குழாய் தயாரித்த அதே நிறுவனத்தின் பொருளாகவே வாங்க வேண்டும்.

மிக்சரும் ஷவர் கையும் வந்து திருகும் வாய்களில் வெறும் பிளாஸ்டிக் மரை இருக்கக் கூடாது. பித்தளை மரை பதித்த எல்போக்களையே பயன்படுத்த வேண்டும். குளியலறைக்கு வெளியிலோ, உள்ளே எளிதில் எட்டும் இடத்திலோ, நீரை மூடித் திறக்க முழுத் துளை கொண்ட பால் வால்வு ஒன்றும், கீசரின் நுழைவாயிலில் நான் ரிட்டன் வால்வும், கீசருடன் தரப்படும் அழுத்த விடுவிப்பு வால்வும் வேண்டும். இவை தவிர ரசமட்டம், தூக்குக்குண்டு, கிரைண்டர், உளி, சுத்தியல், ஹாக்ஸா, டெஃப்லான் டேப், வாய்களை அடைக்கும் டம்மிகள், கண்ணாடியும் முகமூடியும் போதும்.

குறியிடுதலும் காடி வெட்டுதலும்

எல்லா உயரத்தையும் முடிவான தரை மட்டத்திலிருந்தே கணக்கிட வேண்டும். பழைய தரையை உடைத்திருக்கும் நிலையில் அளந்தால், பிறகு சிமென்ட் தளமும் டைல்ஸும் ஏறி உயரம் எல்லாம் இரண்டு மூன்று அங்குலம் குறைந்துவிடும். ஆகவே கதவு நிலைக்கு அருகில் முடிவான தரை மட்டத்தைக் குறித்து, அங்கிருந்து 3 அடி உயரத்தில் ரசமட்டத்தால் நான்கு சுவர்களிலும் ஒரு கோடு இழுத்துவிட்டு, எல்லா அளவையும் அந்தக் கோட்டிலிருந்து எடுங்கள்.

வாளி நிரப்பும் வால் மிக்சரின் நடுவை இரண்டே முக்கால் அடியில் வைப்பது வசதியாக இருக்கும். அதன் இரண்டு வாய்களுக்கும் இடையே நடுவுக்கு நடு 150 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எதிரே நின்று பார்க்கும்போது இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் தண்ணீர். மிக்சரின் தலையிலிருந்து வளைந்து சுவருக்குள் புகும் சிறு குழாய்க்கு மூன்றாவது ஒரு வாய் தேவைப்படும். அதன் உயரத்தை மிக்சரைச் சுவரோடு வைத்துப் பார்த்தே குறியுங்கள். அந்த வாயிலிருந்து நேராக மேலே, தூக்குக்குண்டு காட்டும் கோட்டில், 7 அடி உயரத்தில் ஷவர் கையின் வாய் வரும்.

ஆழம்தான் இந்த வேலை முழுவதிலும் மிக நுட்பமான அளவு. என் முதல் குளியலறையில் மறையும் டைவர்ட்டரைச் செங்கல் முகத்துக்குச் சமமாகப் பதித்துவிட்டேன். அதன்மேல் 12 மில்லிமீட்டர் பூச்சும், 5 மில்லிமீட்டர் ஒட்டுக்கலவையும், 8 மில்லிமீட்டர் டைல்ஸும் ஏறியபோது, டைவர்ட்டரின் கழுத்து 25 மில்லிமீட்டர் உள்ளே போய்விட்டது. கைப்பிடியைப் பூட்ட எட்டவில்லை. ஒட்டி மூன்று நாளான நான்கு டைல்ஸை உடைத்து மறுபடி வேலை செய்ய நேர்ந்தது. டைவர்ட்டரின் பிளாஸ்டிக் மூடியில் குறைந்த ஆழம், கூடிய ஆழம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். டைல்ஸின் வெளிமுகம் அந்த இரண்டுக்கும் இடையில் வர வேண்டும். வால் மிக்சரின் பித்தளை எல்போக்கள் டைல்ஸ் முகத்துக்குச் சமமாகவோ, இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளேயோ இருக்க வேண்டும். வெளியே துருத்தினால் மிக்சரின் வட்ட மூடி சுவரில் படியாது. இதைச் சரிபார்க்க, பூச்சுத் தடிமனுக்கு ஒரு மரச்சில்லையும் ஒரு டைல்ஸ் துண்டையும் சுவரில் வைத்து, அதன்மேல் ரசமட்டத்தைச் சாய்த்துப் பார்ப்பது போதும். புதுப்பிக்கும் வேலையில் சுவரே நேராக இருக்காது என்பதால், கொத்தனாரிடம் பூச்சு எந்த இடத்தில் எவ்வளவு கனம் வரும் என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

காடியை 9 அங்குலச் செங்கல் சுவரில் வெட்டுவதில் சிக்கல் இல்லை. நாலரை அங்குலச் சுவரில் படுக்கைவாக்கில் நீளமாக வெட்டினால் சுவர் பலமிழக்கும். அங்கே குழாயை மேலிருந்து செங்குத்தாக இறக்குவதே முறை. செங்குத்துக் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும், படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழமாகப் போகக் கூடாது. கான்கிரீட் தூண், உத்தரம், லின்டல் எதிலும் கிரைண்டரை வைக்காதீர்கள். கம்பி தெரிந்தால் உடனே நிறுத்திப் பாதையை மாற்றுங்கள். முக்கால் அங்குல சிபிவிசி குழாயின் வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர்தான். ஒன்றரை அங்குல ஆழமும் இரண்டு அங்குல அகலமும் கொண்ட காடி அதற்குத் தாராளமாகப் போதும். கோட்டின் இருபுறமும் கிரைண்டரால் கீறிவிட்டு, நடுவை உளியால் தட்டி எடுத்தால் சுவர் சிதறாது. வெட்டத் தொடங்கும் முன் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, கிரைண்டருக்கு வேறிடத்திலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லது; பழைய வீடுகளில் வயர் எந்தப் பாதையில் போகிறது என்று வீட்டைக் கட்டியவருக்கே நினைவிருக்காது.

குழாயை ஒட்டுதல்

எல்லாத் துண்டுகளையும் வெட்டி, ஒட்டாமலே காடியில் அடுக்கிப் பார்த்து, ஒவ்வோர் இணைப்பிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டும்போது அந்தக் கோடுகள் நேர்ப்பட்டால் எல்போவின் முகம் சரியான திசையில் நிற்கும். ஒட்டாத நிலையில் குழாய் பொருத்தியின் உள்ளே மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை போய் இறுக வேண்டும். முழுதாக உள்ளே விழுந்தால் அந்தப் பொருத்தி தளர்வானது, அதை ஒதுக்கிவிடுங்கள்.

குழாயின் வெட்டுமுகம் செங்கோணமாக இருக்க வேண்டும். உள்ளும் புறமும் ஒட்டியிருக்கும் பிசிறைக் கத்தியால் நீக்கி, வெளி விளிம்பைச் சற்றுச் சாய்வாகத் தேய்த்துவிட வேண்டும். பிசிறு இருந்தால் அது தடவிய கரைசலை வழித்துக்கொண்டே உள்ளே போய், அந்த வழியில் பின்னாளில் கசிவு தொடங்கும். சிபிவிசிக்கென்று தனியாக விற்கும் ஒட்டுக்கரைசலையே பயன்படுத்துங்கள். கடையில் சிபிவிசி சொல்யூஷன் என்று கேட்டால் தருவார்கள். குழாயின் முனையில் தாராளமாகவும், பொருத்தியின் உள்ளே மெல்லியதாகவும் தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை அழுத்தி, அரை நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் குழாய் தானாகச் சற்று வெளியே தள்ளிக்கொள்ளும். இணைப்பைச் சுற்றிலும் மெல்லிய மணிபோல் கரைசல் திரண்டு நின்றால் ஒட்டு முழுமையானது. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் ஒட்டும்போது, தடவி முடிப்பதற்குள்ளேயே கரைசல் காய்ந்துவிடும். ஆகவே மாடி வேலையைக் காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். கெட்டியாகி ஜெல்போல் ஆன கரைசலில் தின்னர் ஊற்றி இளக்குவது பெருந்தவறு. அந்த டப்பாவை எறிந்துவிடுங்கள்.

மரை இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப்பை, மரை இறுகும் திசையிலேயே எட்டு முதல் பத்துச் சுற்றுகள் இழுத்துச் சுற்றி, கையால் முடிந்தவரை திருகிய பிறகு, ஸ்பானரால் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். சணலும் பெயின்டும் வைத்து இறுக்குவது இரும்புக் குழாய்க் காலத்துப் பழக்கம். எண்ணெய் கலந்த பெயின்ட் சிபிவிசியைத் தாக்கி வெடிக்கச் செய்யும். சணலோ நனைந்து பருத்து மரையைப் பிளக்கும். அனுபவமுள்ளவர்களும் இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பதால், உதவிக்கு யாரையாவது அழைத்தால் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

சூடேறும்போது சிபிவிசி குழாய் நீளும். 3 மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். வெந்நீர்க் குழாயைக் காடிக்குள் இறுக்கமாகத் திணிக்காமல், கிளாம்பு மட்டும் போட்டு, திருப்பங்களில் சற்று இடம் விட்டு வைப்பது அதற்காகத்தான். மாறாக, ஷவர் கை வந்து திருகும் மேல் எல்போவைச் சிறிதும் அசையாதபடி திருகாணியாலும் கலவையாலும் சுவரோடு பிடிக்க வேண்டும். கீசருக்கும் சிபிவிசிக்கும் நடுவில், சூட்டைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இணைப்புக் குழாயைப் பயன்படுத்துங்கள்.

மூடும் முன் சோதித்தல்

கடைசி இணைப்பு ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் காத்திருங்கள். பிறகு எல்லா வாய்களையும் டம்மியால் அடைத்து, கீசருக்கான இரண்டு வாய்களையும் ஒரு வளைகுழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், வெந்நீர் வழியையும் தண்ணீர் வழியையும் ஒரே தடவையில் சோதித்துவிடலாம். மாடித் தொட்டியைத் திறந்துவிட்டு ஓர் இரவு பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே கணக்கிட்டபடி, அந்தத் தொட்டி தரும் அழுத்தம் 0.3 பார் அளவே என்பதால், அரைகுறையாக ஒட்டிய இணைப்புகூட அதில் கசியாமல் நின்றுவிடும். பின்னாளில் பிரஷர் பம்ப் வைத்ததும் அது வாய் திறக்கும்.

ஆகவே கையால் இயக்கும் டெஸ்டிங் பம்பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீரை நிரப்பி, மேலே உள்ள வாயைத் தளர்த்திக் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகு, அளவியில் 10 கிலோ (ஏறத்தாழ 10 பார்) வரும்வரை மெல்ல ஏற்றி, இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். முள் இறங்கினால் ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். கசியும் இணைப்பின்மேல் கரைசல் பூசி அடைக்க முயலாமல், அந்தத் துண்டை அறுத்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். காற்றை அடைத்து இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. அழுத்திய காற்றில் குழாய் வெடித்தால் சில்லுகள் பறக்கும். கீசரையும் பழைய குழாயையும் சோதனையில் சேர்க்காமல் பிரித்து வையுங்கள்.

சோதனை முடிந்ததும், காடியில் குழாய் தெரியும்படி, அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் துண்டு மாட்டும் கம்பிக்குத் துளை போடும்போது அந்தப் படம் தேவைப்படும். அதன் பிறகு, காடியின்மேல் கோழி வலையை விரித்து, ஒன்றுக்கு நான்கு சிமென்ட் கலவையால் அடைத்து, ஒரு வாரம் நனைக்க வேண்டும். டம்மிகள் அப்படியே இருக்கட்டும். கலவை ஒரு துளி உள்ளே போனாலும் மிக்சர் கெட்டுவிடும்.

தரையும் வடிகாலும்

வாளிக் குளியலில் நீர் தரையில் விழுகிறது. ஷவரில் சுவரெல்லாம் நனைகிறது. பழைய குளியலறையில் ஷவர் வைத்த பிறகு அடுத்த அறைச் சுவர் ஓதம் காத்துப் பெயின்ட் உரிவதற்கு இதுவே காரணம். பூச்சு காய்ந்ததும், சிமென்ட்டோடு பாலிமர் கலந்த இரு பொருள் நீர்த்தடுப்புக் கலவையை, முதல் பூச்சு படுக்கையாகவும் இரண்டாம் பூச்சு நெடுக்காகவும், தரை முழுவதிலும், மற்றச் சுவர்களில் ஓர் அடி உயரத்துக்கும், ஷவர் சுவரில் 7 அடி வரையும் பூசுங்கள். சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும் குழாய் வாய்களைச் சுற்றியும் இழை வலையைப் பதித்துப் பூச வேண்டும்.

பிறகு வடிகாலை அடைத்துவிட்டு, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீரைத் தேக்கி 48 மணி நேரம் வைக்க வேண்டும். மதுரை வெயிலில் ஆவியாகிக் குறைவதும் உண்டு என்பதால், ஒரு தட்டில் அதே உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி அதே அறையில் வைத்துவிடுங்கள். தட்டில் குறைந்ததைவிடத் தரையில் அதிகம் குறைந்திருந்தால் அது கசிவு.

தரை வடிகாலில் நீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் நஹானி டிராப்பில் 50 மில்லிமீட்டர் நீர் நிற்கும் ஆழமும், வெளியேறும் குழாயில் 75 மில்லிமீட்டர் விட்டமும் இருக்க வேண்டும். தரைச் சரிவு ஒரு மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் போதும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் சீயக்காய்த் தூளும் உள்ள வீடுகளில் குழாய் அடைப்பது இயல்பு. தூளும் எண்ணெயும் முடியும் சேர்ந்து களிபோல் படிவதால், எளிதில் தூக்கி எடுக்கக்கூடிய ஜாலியையும் (வடிகாலின் துளைத் தட்டு), வெளிச்சுவரில் திறந்து குத்திவிடக்கூடிய வாயையும் முன்பே வைத்துவிடுங்கள்.

பூட்டுதல்

டைல்ஸ் ஒட்டி இடுக்குகளை நிரப்பிய பிறகு, மிக்சரைப் பூட்டுவதற்கு முன், டம்மிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு வாளித் தண்ணீரைப் பாயவிட வேண்டும். குழாய் அறுத்த தூளும், தொட்டி அடியில் இருந்த வண்டலும் அதில் வந்துவிடும். பிறகு மிக்சரின் இரண்டு கால்களையும் டேப் சுற்றித் திருகி, 150 மில்லிமீட்டர் அளவுக்குத் திருப்பி நேராக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ரப்பர் வளையத்தோடு மிக்சரை மாட்டுங்கள். நட்டின் மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்பானர் போட்டால் குரோம் பூச்சு கீறாது. சுவருக்கும் வட்ட மூடிக்கும் இடையே சிலிக்கானை மேலும் பக்கங்களிலும் மட்டும் தடவி, கீழே சிறிது இடம் விடுங்கள். உள்ளே எப்போதாவது கசிந்தால் அந்த வழியாக நீர் வெளியே தெரியும்.

கீசரில் நீர் நிரம்பி வெந்நீர் வாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சூட்டை 50 முதல் 55 டிகிரிக்குள் வைத்தால் உப்புப் படிவது குறையும். அக்னி நட்சத்திர நாள்களில் மதியம் மாடித் தொட்டி நீரே சுடும் என்பதால், குழந்தைகள் குளிக்கும் முன் கையில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஷவர் தலையில் சிலிக்கான் முனைகள் உள்ளதை வாங்கியிருந்தால், விரலால் தேய்த்தாலே உப்பு உதிர்ந்துவிடும்; மற்ற வகையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, எலுமிச்சைச் சாறு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து மாட்டுங்கள்.